பச்சையாகவே பழுப்பது

தக்காளி எனக்குப் பிடிக்காது. வேகவைத்து, மசித்து, அடையாளம் தெரியாமல் எதிலாவது கலந்து கொடுத்தால் சாப்பிடுவேன். பழத்தை அப்படியே கடித்துத் தின்னச் சொன்னால் உடம்பு கூசும். அப்பேர்ப்பட்ட நான் எட்டு வகைத் தக்காளி வைத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கொல்லைப்பக்கம் ஓடி, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் புழு தேடிக்கொண்டிருந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் நாக்கு.

அவர் சமையல்காரர். ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒரு வேளைக்கு எண்ணூறு பேர் சாப்பிடுகிற இடம் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுப்பிலிருந்து எந்தப் பாத்திரம் இறங்கினாலும் மாஸ்டர் அதில் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விடுவார். முகர்வார், நக்கிப் பார்ப்பார். அவர் தலையை ஆட்டினால்தான் பாத்திரம் வெளியே போகும். ஆட்டாவிட்டால், வாசலில் எவ்வளவு நீள வரிசை நின்றாலும் நிற்க வேண்டியதுதான். அளவுக் கரண்டி, தராசு எதையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்; இவர் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் குப்பையில்தான் கொட்டுவார்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகவில்லை. வாசனை, ருசி இரண்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை. மணியைப் பார்த்துத்தான் சாப்பிடுவார். டாக்டரைக் கேட்டால், "சில பேருக்கு நாளாகும், பொறுமையா இருங்க" என்றார். பொறுமை! அதை அவர் வேறு வீட்டில் போய்த்தான் கேட்டிருக்க வேண்டும்.

கேன்டீனில் நீண்ட விடுப்புக் கொடுத்தார்கள். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த, எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிற பையனை வைத்துச் சமாளித்தார்கள். மாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து, நான் தைக்கிற இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அந்த மனிதர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியாததால் எல்லார்மேலும் கோபப்பட்டேன்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் அது நடந்தது. கொல்லைச் சுவரோரம் காய்கறிக் கழிவு கொட்டுகிற இடத்தில் தானாக ஒரு தக்காளிச் செடி முளைத்திருந்தது. துணி காயப்போடப் போன மாஸ்டர் அதை உரசிக்கொண்டு போயிருக்கிறார். திடீரென்று நின்றார்.

"ஏய், இங்க வா! ஏதோ வாசனை வருது!"

நான் கையிலிருந்த கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் கையை முகர்ந்துகொண்டே நின்றார். "இலை வாசனைடி. தக்காளி இலை. பச்சையா, காரமா..." கண் கலங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு செடி மூக்கைத் திறந்தது என்றால் எட்டுச் செடி நாக்கைத் திறக்காதா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இதுதான் என் கணக்கு. மறுநாளே நாற்றுப் பண்ணைக்குப் போய் நின்றேன். அங்கே இருந்த பண்ணைக்காரர் ஒவ்வொரு நாற்றுத் தட்டாகக் காட்டி, இது இப்படி இனிக்கும், அது அப்படிப் புளிக்கும் என்று ஒப்பித்தார். அத்தனையையும் நான் வீட்டுக்கு வந்து மாஸ்டரிடம் ஒப்பித்தேன். ஒன்றைத் தவிர. எட்டாவது தட்டைப் பற்றிப் பண்ணைக்காரர் சொல்ல வரும்போது யாரோ உரமூட்டைக்கு விலை கேட்க, பேச்சு அங்கேயே நின்றுபோனது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு நாய் படாது.

ஐஸ் குச்சிகளில் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி நட்டேன். முதல் மழையில் மை கரைந்து எல்லாக் குச்சியும் வெள்ளையாகிவிட்டது. போகட்டும் என்று, காய்க்கத் தொடங்கியதும் நானே பெயர் வைத்தேன். உள்ளங்கைக்கு அடங்காமல் பெரிதாக வருவது குண்டன். கொத்துக் கொத்தாகச் சின்னதாகத் தொங்குவது மணி. நீளமாக இருந்தது மிளகாய். கோடு கோடாக இருந்தது வரிக்குதிரை. அப்புறம் மஞ்சள், கறுப்பி, ரோஸ். எட்டாவது மட்டும் எந்தக் குணமும் காட்டாமல் பச்சையாகவே நின்றது. அதற்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்தேன்.

மாஸ்டர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளினால்தான் பழம் பெரிதாகும் என்று வந்தார். உயரமாகப் படர்கிற செடிக்கு அது சரிதான். குட்டையாகப் புதர்போல வளர்கிற மிளகாய்க்குப் பக்கக் கிளையில்தான் காய்ப்பே. நான் வருவதற்குள் அதை மொட்டையடித்துவிட்டார். "யாரக் கேட்டுக் கிள்ளுனீங்க?" என்று கரடியாகக் கத்தினேன். "எல்லாம் தக்காளிதானே" என்றார். எண்ணூறு பேருக்குச் சமைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

குண்டனுக்கு அடி அழுகல் வந்தது. பழத்தின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிப்போகும். தண்ணீரை ஒரு நாள் நிறையவும் ஒரு நாள் மறந்தும் ஊற்றினால் வருவதாம். மறந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை, நான்தான், தைக்கிற வேலை தலைக்கு மேல் கிடந்தது. கறுப்பி பழுக்கிற நேரம் பார்த்து மழை கொட்டி, தோல் வெடித்தது. மணியில் பாதியை அணில் தின்றது. கொடிகளைக் கட்டக் கயிறு போதாமல், தைத்து மிச்சமான துணிகளைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கட்டினேன். பூப்போட்டதும் புள்ளி போட்டதுமாகக் கொல்லையைப் பார்த்தால் துணிக்கடை மாதிரி இருந்தது. இது போதாதென்று கீழ் இலைகளெல்லாம் நசுங்கிக் கசங்கி வாடிக்கொண்டே வந்தன. என்ன பூச்சி என்றே தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் கரைத்து அடித்து அடித்து என் கை வெந்ததுதான் மிச்சம்.

கல்லுளிமங்கன்தான் என் உயிரை அதிகம் வாங்கினான். எல்லாம் நிறம் மாற, அவன் மட்டும் பச்சை. இன்று பழுக்கும், நாளை பழுக்கும் என்று காத்திருந்தேன். ஒரு நாள் ஒன்று தானாகவே விழுந்து தரையில் கூழாகிக் கிடந்தது. பண்ணைக்காரருக்குப் போன் போட்டு, "என்னங்க குடுத்தீங்க, காயாவே அழுகுது" என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார்.

"அம்மா, அது பழுத்தாலும் பச்சைதாம்மா. நிறத்தப் பாக்காதீங்க, தொட்டுப் பாருங்க. காது மடல் மாதிரி மெத்துனு இருக்கும். அடியில லேசா மஞ்சள் ஓடும். அதுதான் பழம்."

வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை பழத்தை அப்படியே அழுகவிட்டிருப்பேன்! மாஸ்டரிடம் சொன்னால் மிளகாய்ச் செடிக்கு நான் கத்தியதற்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார் என்று வாயைத் திறக்கவில்லை. மெத்தென்று இருந்த ஒன்றைப் பறித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு வாயில் போட்டேன். அடேயப்பா! தக்காளியே ஆகாத எனக்கே இன்னொரு துண்டு கேட்டது. அப்படி ஓர் இனிப்பு.

இதற்கிடையில் நாக்கு வேலை தனியாக நடந்துகொண்டிருந்தது. எந்தப் பழம் பழுத்தாலும் வெட்டித் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டுவேன். அவர் மெல்லும்போது அவர் வாயையே பார்ப்பேன்.

"வந்துச்சா?"

"இல்ல."

அடுத்த நாள், "வந்துச்சா?"

"தெரியலடி."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மஞ்சளைத் தின்றுவிட்டு, "லேசா இனிக்குற மாதிரி இருக்கு" என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்றாக வந்தது. குண்டன் புளிக்கிறது, மணி சர்க்கரையாக இருக்கிறது, கறுப்பியில் லேசாக உப்பு. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பண்ணைக்காரர் சொன்னது அப்படியே!

சந்தோஷம் தாங்கவில்லை. அவரைக்கூடக் கேட்காமல் கேன்டீன் மேனேஜருக்கு நானே போன் போட்டேன். "மாஸ்டருக்கு எல்லாம் சரியாயிடுச்சு சார்." அந்த மனிதர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். "திங்கக்கிழமையே வரச் சொல்லுங்கம்மா. இங்க தினமும் ஆளுங்க தட்டத் தட்டிச் சத்தம் போடறாங்க" என்றார். மாஸ்டரிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். பயந்திருக்கிறார், பாவம், இத்தனை நாள் கழித்துப் போகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பெரிய அறுவடை. கூடை கொள்ளாமல் பழம். அதில் கல்லுளிமங்கனில் நன்றாகப் பழுத்தது நான்கைந்து இருந்தது. இதைத் தின்றதும் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் சொல்லாமல் வெட்டிக் கொடுத்தேன்.

வாயில் போட்டார். ஒரு கண்ணை இறுக்கி மூடினார். தோளைக் குலுக்கினார்.

"ஸ்ஸ்ஸ்... என்னடி இது, காயப் பறிச்சிருக்க? பல்லு கூசுது. இன்னும் நல்லாப் பழுக்கட்டும்."

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சும்மா விளையாடாதீங்க."

"நெஜமாத்தான். புளி. வாயில வெக்க முடியல." நடுங்கிக் காட்டினார். சமையல்காரர் அல்லவா, புளித்த முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் சிரிப்பு நின்றது. தட்டைக் கீழே வைத்தேன்.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க. நான் ஒண்ணு ஒண்ணா வாயில வெக்கறேன். எது எதுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடவில்லை. தட்டில் இருந்த துண்டுகளைப் பார்த்தார், மஞ்சளை, சிவப்பை, கறுப்பை. பிறகு என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.

அவ்வளவுதான்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறீங்களே மாஸ்டர்! நெறத்தப் பாத்துச் சொல்லியிருக்கீங்க! நான் சொன்னதையே என்கிட்டத் திருப்பிச் சொல்லியிருக்கீங்க!"

"கத்தாத."

"கத்துவேன்! இந்த எட்டுச் செடிக்கு நான் தலையால தண்ணி குடிச்சேன். என் நகத்தப் பாருங்க, பச்சை போகவே மாட்டேங்குது. எதுக்கு? நீங்க நாடகம் போடறதுக்கா? போன வாரம் பால் அடிப்பிடிச்சு வீடெல்லாம் தீஞ்ச நாத்தம். அடுப்புக்கிட்டயே நின்னீங்க. ஏதோ யோசனையில இருந்தேன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன்!"

அவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். நான் விடவில்லை.

"திங்கக்கிழமை என்ன பண்ணுறதா இருந்தீங்க? சொல்லுங்க. எண்ணூறு பேருக்கு எதப் பாத்துத் தலையாட்டுவீங்க?"

"ஒல்லி பக்கத்துல இருப்பான்ல" என்றார், மெதுவாக. "அவன முதல்ல ருசி பாக்கச் சொல்லிட்டு, அவன் மூஞ்சியப் பாத்து ஆட்டிடலாம்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதர்! அந்த ஒல்லியை ஒரு நாள் விடாமல் திட்டியவர்.

"கெட்டுப்போன கறி வந்தா? எண்ணெய் சிக்கு புடிச்சிருந்தா? அவன் மூஞ்சியிலதான் மோந்து பாப்பீங்களா? யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா? உங்க பேர் என்னத்துக்கு ஆகும்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு சரின்னு சொன்னீங்க?"

"நீதான் போன் பண்ணிட்டியே!" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "என்னக் கேட்டியா? தெருவுல போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்ட. நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

எனக்குள் ஒரு சந்தேகம் அரித்தது. கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அன்னைக்கு இலை வாசனைன்னு சொன்னது? அதுவும் பொய்யா?"

"அது நெஜம்டி. சத்தியமா நெஜம். அந்த ஒரு தடவைதான். அப்புறம் வரவேயில்ல. நீ கடைக்குப் போறப்பல்லாம் போய் இலையக் கசக்கிக் கசக்கி மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல."

கீழ் இலைகளெல்லாம் நசுங்கிக் கிடந்தனவே! நான் சோப்புத் தண்ணீர் அடித்துத் துரத்திய பூச்சி இவர்தான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை. கைபேசியை எடுத்து மேனேஜர் எண்ணைப் போட்டு அவர் கையில் திணித்தேன்.

"சரியாயிடுச்சுன்னு நான் சொன்னேன். இல்லைன்னு நீங்க சொல்லுங்க."

மறுமுனையில் மேனேஜர் உற்சாகமாக ஏதோ சொல்வது எனக்கே கேட்டது. அடுப்பெல்லாம் தேய்த்துக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறாராம். மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சார், என் வீட்டுல ஆசையில சொல்லிட்டா. எனக்கு ருசி வரல. இனிமே வராது சார்."

எனக்குத் திக்கென்றது. வரவில்லை என்று சொல்லத்தானே போனைக் கொடுத்தேன்? வராது என்று யார் சொல்லச் சொன்னது? போனைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது.

மேனேஜர் ஏதோ கேட்டார். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெளி ஆள் எதுக்கு சார்? ஒல்லியவே போடுங்க. அவனுக்கு நல்ல நாக்கு. நான் திட்டினதெல்லாம் அவன் பயந்து பயந்து செய்யறான்னுதான். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடுவான், அத நான் வந்து சொல்லிக்கறேன். ஆளுங்க தட்டத் தட்டினா தட்டட்டும். எனக்கும்தான் தட்டத் தட்டினாங்க சார், மொதல் வருஷம்." கொஞ்சம் கேட்டார். "ஆமா சார். அவன் உள்ளங்கையில ஊத்திப் பாக்கட்டும். அவன் தலையாட்டினா அனுப்பிடுங்க. இனிமே அவன் ஆட்டுறதுதான்."

போனை வைத்தார். கூடைப் பழங்கள்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் என்ன செய்வது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"வரலன்னு சொன்னாப் போதாதா?" என்றேன். "வராதுன்னு ஏன் சொன்னீங்க? நாளைக்கே வந்துட்டா? டாக்டர் நாளாகும்னுதானே சொன்னாரு?"

"அஞ்சு மாசமா நீ ஒரே கேள்விதான் கேக்கற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வந்துச்சா, வந்துச்சா, வந்துச்சா. காலையில அதான், மத்தியானம் அதான். வாயில வெக்கறதுக்கு முன்னாடியே உன் மூஞ்சியப் பாப்பேன். இல்லைன்னு சொன்னா அப்படியே விழுந்துடும். ஒரு நாளாவது, வரலேன்னாலும் பரவால்லன்னு சொல்லியிருக்கியா?"

சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒரு சின்ன வார்த்தை. சொன்னால் அந்த மனிதருக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! தெருவில் யாராவது நம் காலை மிதித்தால்கூடச் சொல்கிற வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை. அவர் உள்ளங்கையை நக்கிவிட்டுத் தலையாட்டுவார். எண்ணூறு பேர் சாப்பிடுவார்கள். அது போய்விட்டது. இதில் என்ன பரவாயில்லை?

"எப்படிங்க சொல்றது?" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்குப் பரவால்ல இல்லியே."

அவர் என்னைப் பார்த்தார். நான் கத்தியபோதெல்லாம் கல்லுப்போல உட்கார்ந்திருந்த மனிதரின் உதடு நடுங்கத் தொடங்கியது.

"எனக்கும்தான்டி" என்றார். "எனக்கும் பரவால்ல இல்ல."

கையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். காய்ச்சல் வந்ததிலிருந்து அவர் வாய்விட்டு அழுது நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. நான் தேற்றவில்லை. அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், நானும் படியில் உட்கார்ந்தேன்.